நூற்று முப்பத்தேழாம் தொட்டி

கண்ணாடி வீட்டுக்குள் கால் வைத்ததும் ரேடியோ தன் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான். பத்து எட்டு நடந்ததும் இரண்டாவது பொத்தான். மூன்றாவதில் கை வைத்தபோது தராசு திரும்பிப் பார்த்தார்.

"போதும். துப்பறிய வந்திருக்கோம், குளிக்க இல்ல."

"செடிய வாடவிட்டுப் பாக்குற இடம்னுதான் சொன்னீங்க. பாக்க வந்தவனையும் சேத்து வாட்டுவாங்கன்னு சொல்லலையே மாமா."

தராசு என்பது பட்டப்பெயர். இருபத்திரண்டு வருடம் தானியக் கிடங்கில் எடை போட்டவர். மூட்டையை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தே எவ்வளவு குறைகிறது என்று சொல்லிவிடுவார். முழங்கால் போன பிறகு மூட்டையை விட்டுவிட்டு மனிதர்களை எடை போட ஆரம்பித்தார். ரேடியோ அவர் மனைவியின் தம்பி. வயது நாற்பது. வாயை மூடும் திருகு மட்டும் அவனுக்கு வைக்கப்படவில்லை.

மணி ஒன்று நாற்பது. நாலு மணிக்கு ஒரு மனிதனின் பிழைப்பு முடியப் போகிறது. அதற்குள் பன்னிரண்டு செடித் தொட்டிகளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் தராசின் வீட்டு வாசலில் வந்து நின்ற பெண் அழவில்லை. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் பல்கலைக்கழகத்துல, செடி ஆராய்ச்சி பண்ற துறையில தண்ணி ஊத்துறாருங்க. பத்தொன்பது வருஷம், தினக்கூலி. அடுத்த மாசம் நிரந்தரமாக்குறோம்னு சொல்லியிருந்தாங்க. இப்ப செடியத் திருடிட்டாருன்னு சொல்றாங்க. நாலு மணிக்குக் கடுதாசி குடுத்து, போலீசையும் கூப்பிடுவாங்களாம். நான் எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அத மட்டும் சொல்ல மாட்டேங்கிறார். ரெண்டு நாளா சாப்பாடும் இல்ல, பேச்சும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். தராசு செருப்பை மாட்டிக்கொண்டார்.

இப்போது கண்ணாடி வீட்டில் அவருக்கு எதிரே துறைத் தலைவர் நின்றார். வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா, கையில் ஏற்கனவே அச்சடித்த பணிநீக்கக் கடிதம். அவருக்குப் பின்னால் அவரிடம் படிக்கும் ஆராய்ச்சி மாணவி. தூங்காத கண்கள். நகம் முழுக்க மண்.

"சுருக்கமாச் சொல்றேன்," என்றார் பேராசிரியர். "இருநூத்தி நாப்பது தொட்டி. எல்லாம் பீன்ஸ். மூணு நாளைக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணி, அவ்வளவுதான். இதுல பன்னெண்டு மட்டும் இந்தப் பொண்ணு ஆறு வருஷமா உருவாக்கின புது ரகம். மத்தது வாடும், அது வாடாது. நாலு மணிக்கு வெளியூர்ல இருந்து மூணு பேர் பாக்க வர்றாங்க. அவங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் இவளுக்குப் பட்டம். வியாழக்கிழமை காலைல பாத்தா பன்னெண்டு இடம் காலி. விதை மிச்சம் ஒண்ணுகூட இல்ல."

"எந்தப் பன்னெண்டுன்னு வெளியில யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் முறை. தொட்டில எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். எந்த எண்ணுல எந்த ரகம்னு நான் எழுதி, உறைல போட்டு ஒட்டி, என் அலமாரில பூட்டி வச்சேன். அளக்குறவங்களுக்குத் தெரிஞ்சா கண்ணு ஒருபக்கம் சாஞ்சிரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் பிரிச்சு, இவகிட்ட ஒரு பிரதி குடுத்தேன்."

"ஆக, பட்டியலைப் பாத்தது நீங்க ரெண்டு பேரு."

"இந்தக் கண்ணாடி வீட்டுச் சாவி வச்சிருக்குறது அந்தத் தண்ணிக்காரன். இவ மேசைல கிடந்த பட்டியலைப் பாத்திருப்பான். எந்த விதைக் கம்பெனிக்கு வித்தானோ."

"காணாமப் போன எண்ணைச் சரிபாத்தீங்களா?"

பேராசிரியர் சிரித்தார். "பன்னெண்டு செடி ஒசத்தி. பன்னெண்டு தொட்டி போச்சு. இதுல சரிபாக்க என்ன இருக்கு?"

"மூட்டை எண்ணிக்கை சரியா இருந்தா உள்ள இருக்குறதும் சரின்னு நம்பினவங்களாலதான் சார் எனக்கு இருபத்திரண்டு வருஷம் வேலை இருந்துச்சு," என்றார் தராசு. "மாப்ளே, ஒவ்வொரு தொட்டியா எண்ணைப் படி."

"இருநூத்தி இருபத்தெட்டையுமா?"

"நீ பேசுறதுக்குக் கூலி குடுக்கணும்னு இவ்வளவு நாளா கேட்டியே."

ரேடியோ படித்தான். தொட்டிகள் வரிசை எண்ணில் நிற்கவில்லை. வெயில் ஒரு பக்கமாகப் படக் கூடாது என்று கலைத்துப் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்பதுக்குப் பக்கத்தில் இருநூற்று ஒன்று, அதற்குப் பக்கத்தில் நாற்பது. வியர்வை கண்ணில் இறங்க, அவன் குனிந்து குனிந்து கத்தினான். தராசு தாளில் கோடு இழுத்தார்.

"எழுபத்தொண்ணு மாமா. இவன் எழுபத்தொண்ணு மாதிரி இல்ல, தொண்ணூறைத் தாண்டினவன் மாதிரி தொங்குறான். அடுத்தது பன்னெண்டு. பாவம், சின்ன வயசு."

யாரும் சிரிக்கவில்லை. அரை மணி நேரம் போனது. கடைசி மேசையின் மூலையில் ரேடியோ நிமிர்ந்தான்.

"நூத்தி முப்பத்தேழு. முடிஞ்சுது."

தராசு பேராசிரியரின் பட்டியலை வாங்கித் தன் தாளோடு பக்கம் பக்கமாக வைத்தார். மாணவியின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"நூத்தி முப்பத்தேழு உங்க பட்டியல்ல இருக்கு சார். திருடு போயிருக்கணும். போகல."

"முப்பத்தேழா? அது எந்த மேசை?" என்று பேராசிரியர் சுற்றிலும் பார்த்தார்.

"இதோ இந்த மூலை. பட்டியல்ல இல்லாத நூத்தி முப்பத்தாறு போயிருக்கு. பதினொண்ணு சரி, ஒண்ணு தப்பு."

பேராசிரியர் ஒரு நொடி யோசித்தார். பிறகு கடிதத்தைத் தொடையில் தட்டினார். "இத விட வேற சாட்சி என்ன வேணும்? எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் பட்டியலைப் பாத்தா இப்படித்தான் ஒண்ணு மாறும். படிச்சவன் எடுத்திருந்தா பன்னெண்டும் சரியா எடுத்திருப்பான்."

"எண்ணெல்லாம் அவருக்கு நல்லாவே படிக்கத் தெரியும் சார்," என்றாள் மாணவி. இந்த அரை மணி நேரத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை. "நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"சொல்லிக் குடுத்த உன் செடிலயே கைவச்சான் பாரு," என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார். அவளும் தலைகுனிந்து பின்னால் போனாள்.

ரேடியோ கழுத்தைத் துடைத்தான். "நல்லா இருக்கு மாமா. காப்பாத்த வந்து, நம்ம கையாலயே கயித்தத் திரிச்சுக் குடுத்துட்டோம்."

தராசு மூலைத் தொட்டியின் முன் உட்கார்ந்தார். மற்ற செடிகளின் இலைகள் பிழிந்து போட்ட துணி போலத் தொங்கின. ஆனால் பச்சை போகவில்லை. நூற்று முப்பத்தேழு வேறு மாதிரி செத்திருந்தது. இலையின் ஓரமெல்லாம் தீயில் காட்டியது போலப் பழுப்பு. தொட்டால் நொறுங்கியது. மண்ணின் மேலே மெல்லிய வெள்ளைப் படலம். அவர் விரலால் கீறி நாக்கில் வைத்தார்.

"பசிச்சா வெளிய கடை இருக்கு மாமா."

"நீயும் வை."

ரேடியோ வைத்தான். முகம் கோணியது. "உப்பு!"

"கத்தாத. தாகத்துல சாகல இது. யாரோ உப்புக் கரைச்சு ஊத்தியிருக்காங்க."

*

கருவி அறை கண்ணாடி வீட்டின் பின்புறம் இருந்தது. மண்வெட்டிகளுக்கும் சுருட்டிய குழாய்களுக்கும் நடுவில், கவிழ்த்த வாளியின் மேல் தண்ணீர்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து கையில் பிடித்தபடி நின்றாள். எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ, டப்பாவின் மூடியில் ஈ உட்கார்ந்துவிட்டது.

"இவங்க நமக்காக வந்திருக்காங்க. வாயைத் திறங்களேன்," என்றாள்.

அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஊறி ஊறி வெளுத்த கைகள்.

தராசு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "தொட்டிங்கள எடுத்தீங்களா?"

அவர் வாளியின் விளிம்பைத் தடவினார்.

"போலீஸ் வந்தா முதல்ல அடிச்சிட்டுத்தான் பேரையே கேப்பாங்க அண்ணே," என்றான் ரேடியோ. "நாங்க அப்படி இல்ல. நாங்க பேசியே சாகடிப்போம்."

 மணி இரண்டரை தாண்டிவிட்டது. தராசு கேள்வியை மாற்றினார். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் வேலையைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டார்.

"மூணாம் நாள் தண்ணி ஊத்தும்போது தொட்டியெல்லாம் ஒரே கனமாவா இருக்கும்?"

முதல் முறையாக அவர் தலை நிமிர்ந்தது. "அதெப்படிங்க இருக்கும்? குடிக்கிறதெல்லாம் குடிச்சுட்டுக் காத்தா நிக்கும். அந்தப் பன்னெண்டு மட்டும் கனக்கும். கொஞ்சமாக் குடிச்சு மிச்சம் புடிக்கத் தெரிஞ்சதுங்க."

"பன்னெண்டுன்னு யார் சொன்னா? உறைல போட்டு ஒட்டின ரகசியமாச்சே."

"தினம் தூக்கி வைக்கிறவனுக்கு எதுக்குங்க உறை?"

"நூத்தி முப்பத்தேழு கனக்குமா?"

"அது காத்து. முப்பத்தாறுதான்..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். வாய் மூடிக்கொண்டது. ஆனால் வார்த்தை வெளியே வந்து விழுந்துவிட்டது.

அவர் மனைவி டப்பாவைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்கதான் எடுத்தீங்களா?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "ஏன்? எதுக்கு?"

தராசு குரலைத் தாழ்த்தினார். "வியாழக்கிழமை விடியக்காலம் வந்து பாத்தப்ப மண்ணு மேல வெள்ளையா பூத்திருந்துச்சு. வாயில வச்சுப் பாத்தீங்க. அப்படித்தானே?"

தண்ணீர்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வரவேண்டியது வரட்டும். நான் இருந்தவரைக்கும் இருந்துட்டேன். இனிமே வாழவேண்டியவங்க வாழட்டும்."

"நான் வாழவேண்டியவ இல்லையா? சொல்லுங்க, நான்?" என்று அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் ஆடினார், பேசவில்லை.

அந்த மௌனத்தைத் தராசு எடை போட்டார். பயம் கனமாக இருந்தது. ஆனால் அந்தப் பயம் அவருக்காக அல்ல.

"கடைசியா ஒண்ணு. நாத்துத் தட்டுல நூத்தி முப்பத்தாறும் முப்பத்தேழும் பக்கத்துப் பக்கத்துக் குழிதானே?"

இதில் ஆபத்து இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, பதில் சொன்னார். "ஆமாங்க. வரிசையாப் புடுங்கி நட்டுக்கிட்டு இருந்துச்சு அந்தப் புள்ள. அன்னைக்குப் பார்த்துத் துறைப் பெரியவருக்கு ஏதோ விருது வந்துச்சு. தேத்தண்ணி ரூம்ல விருந்து. நாற்காலி போட, தட்டு கழுவ இதத்தான் கூப்பிட்டாங்க. கைல ரெண்டு நாத்தோட நின்னுச்சு. அப்படியே கீழ வச்சிட்டு ஓடுச்சு. ராத்திரிதான் திரும்பி வந்து மிச்சத்தை நட்டுச்சு."

தராசு எழுந்தார். வெளியே வந்ததும் ரேடியோ அவர் கையைப் பிடித்தான்.

"மாமா, எடுத்தது அந்தாளுதான். இப்ப நாம யாரு பக்கம்?"

"எடுத்தவன் பக்கம். உப்புப் போட்டவன் வேற, எடுத்தவன் வேற."

"எடுத்து எங்க வச்சாரு? அவரு வீட்ட நேத்தே துறைக்காரங்க சோதனை போட்டுட்டாங்களாம். அவர் சட்டைப்பைல பன்னெண்டு பீன்ஸ் செடி அடங்காது."

*

கண்ணாடி வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் ரேடியோ ஒரு குச்சியை வைத்துக் கிளறினான். மேலே புல், அதன் கீழே காய்ந்த தண்டுகள், அதன் கீழே...

"மாமா!"

வேரோடு பிடுங்கிய பீன்ஸ் செடிகள். இரண்டு நாள் வெயிலில் சுருண்டு சருகாகியிருந்தன. ரேடியோ ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்தான். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டுக்குப் பிறகு குச்சிக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

பின்னால் வந்த தண்ணீர்க்காரரின் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். இனி எழுந்து என்ன ஆகப்போகிறது என்பது போல உட்கார்ந்தாள். ரேடியோவுக்குக்கூடப் பேச்சு வரவில்லை.

சத்தம் கேட்டு மாணவி ஓடி வந்தாள். ஒரு செடியை எடுத்துத் தண்டைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றையும் பார்த்தாள்.

"இது என்னோடது இல்ல," என்று மூச்சு விட்டாள். அது துக்க மூச்சா நிம்மதி மூச்சா என்று தராசாலும் எடை போட முடியவில்லை. "இது காவல் செடி. மேசையோட ஓரத்துல நிக்கிற செடிக்கு வெயிலும் காத்தும் அதிகமாப் படும். அதனால சுத்தி ஒரு வரிசை சும்மா வச்சிருப்போம். சாதா ரகம். தொட்டில எண் இருக்காது, அளக்க மாட்டோம். தினம் தண்ணி ஊத்தி விடுவாங்க, அவ்வளவுதான்."

"எத்தனை இருக்கும்?"

"தெரியாது. அத யாரும் எண்ண மாட்டோம்."

"எண்ணவே மாட்டீங்களா?"

"வந்த முதல் நாளே சொல்லிக் குடுத்துருவாங்க. காவல் வரிசையப் பாக்காத, கணக்குல எடுக்காதன்னு. அப்புறம் கண்ணு தானாவே அதத் தாண்டிப் போயிரும்."

தராசு அந்தப் பன்னிரண்டு சருகுகளையும் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். மேசைகளைச் சுற்றி ஓரத்தில் பசேல் என்று ஒரு வரிசை, இடைவெளியே இல்லாமல் நின்றது.

"மாப்ளே. காவல்காரன் பன்னெண்டு பேரு குப்பைல கிடக்கான். ஆனா அங்க காவல்ல ஒரு ஆளும் குறையல."

ரேடியோ வாயைத் திறந்தான். மூடினான். அவன் வாழ்க்கையில் அது இரண்டாவது முறை.

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. தராசு போன முழங்காலோடு ஓடினார்.

*

வெளியூரிலிருந்து வந்த மூவரும் உள்ளே நின்றார்கள். மூத்தவருக்குத் தலை முழுக்க நரை. பேராசிரியர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கடிதம், மறு கையில் போன். கதவோரம் தண்ணீர்க்காரர், தலையைத் தொங்கப் போட்டு, தண்டனை வாங்க வந்தவர் போல.

"ஒரு நிமிஷம் சார்," என்று மூச்சிரைக்க வந்த தராசு, யாரையும் கேட்காமல் காவல் வரிசையில் ஒவ்வொரு தொட்டியாகத் திருப்பினார். நான்காவது தொட்டியில் கை நின்றது. தூசி படிந்த அதன் பின்பக்கத்தில் ஒரு சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது. எண் சீட்டு உரிந்த இடம்.

"ஒண்ணு," என்றார்.

ரேடியோ மறுபக்கத்திலிருந்து வந்தான். "இதோ ரெண்டு. மூணு. மாமா, இங்க ஒரு குடும்பமே நிக்குது!"

பன்னிரண்டையும் நடுமேசையில் வைத்தார்கள். உயிரோடு இருந்தன. காய்கள் முற்றித் தொங்கின. பதினொரு செடிகளில் இலையோரம் கொஞ்சம் கருகியிருந்தது. ஒன்றில் மட்டும் ஒரு வடுவும் இல்லை.

தண்ணீர்க்காரரின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒளிச்சு வச்சதுதான் திருட்டு!" என்றார் பேராசிரியர்.

"கொஞ்சம் இருங்க. இங்க ரெண்டு கை வேலை செஞ்சிருக்கு. ஒரு கை, புதன்கிழமை சாயங்காலம் பட்டியலைப் பாத்து, பன்னெண்டு தொட்டில உப்புத் தண்ணி ஊத்துச்சு. அந்த மூலைல செத்துக் கிடக்கே நூத்தி முப்பத்தேழு, அதுலயும் சேத்து. இன்னொரு கைக்குப் பட்டியல் தேவைப்படல. கனம் பாத்தே அதுக்கு எது நல்ல செடின்னு தெரியும். விடியக்காலம் வந்து, மண்ணைக் கழுவி, உப்பை வெளியேத்தி, நல்ல செடியா பன்னெண்டைக் காப்பாத்துச்சு. கருகின பதினொண்ணும் ரெண்டு கையும் பட்டது. வடு இல்லாத இது காப்பாத்தின கை மட்டும் பட்டது. நூத்தி முப்பத்தாறு."

"கழுவினானா?" பேராசிரியரின் குரல் ஏறியது. "தண்ணி ஊத்தக் கூடாத செடில தண்ணி ஊத்தினானா? சோதனையே போச்சே!"

"அதுக்குத்தான் சார் பயந்து ஒளிச்சு வச்சார். ஊத்தாம இருந்திருந்தா முறை தப்பியிருக்காது. செடி செத்திருக்கும்."

நரைத்த தலைக்காரர் முதல் முறையாகப் பேசினார். "உப்பு ஊத்தினது யாரு? பட்டியலைப் பாத்தது எத்தனை பேர்?"

"ரெண்டு பேர்," என்றார் தராசு.

எல்லாக் கண்களும் பேராசிரியர் மேல் திரும்பின. அவர் முகம் வெளுத்தது.

"அவர் இல்ல," என்றார் தராசு. "நூத்தி முப்பத்தேழு எந்த மேசைல இருக்குன்னே அவருக்குத் தெரியாது. மதியம் என்கிட்டயே கேட்டார்."

"நான்தாங்க!" கதவோரத்திலிருந்து தண்ணீர்க்காரர் முன்னால் வந்தார். "நான்தான் தெரியாம ஊத்திட்டேன். பழைய குழாய்ல உப்புத் தண்ணி வரும். பாக்காம ஊத்திட்டேன். கடுதாசியக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

"பழைய குழாய்த் தண்ணி பட்டியல்ல இருக்குற பன்னெண்டை மட்டும் தேடித் தேடிப் போகுமா அண்ணே?" என்றான் ரேடியோ. அவன் குரலில் கிண்டல் இல்லை.

"போதும்ணா." மாணவி நடுவில் வந்து நின்றாள். "எனக்காகப் பொய் சொல்லாதீங்க."

அவள் பேராசிரியரைப் பார்த்துப் பேசினாள். "செவ்வாய்க்கிழமை ராத்திரி பட்டியலை வச்சுப் பாத்தேன் சார். பதினொண்ணு வாடாம நின்னுது. நூத்தி முப்பத்தேழு வாடி விழுந்து கிடந்துச்சு. பட்டியல்ல இல்லாத முப்பத்தாறு நின்னுது. பன்னெண்டுல ஒண்ணு விழுந்தாலும் ஆறு வருஷமும் பொய், வீட்டுக்குப் போகலாம்னு சொன்னீங்க. செடியே செத்துட்டா, பழைய குழாய் மேல பழி போகும், இன்னும் ஒரு பருவம் தருவாங்கன்னு நினைச்சேன். ஆள் மேல விழும்னு நினைக்கல. புகார்ல கையெழுத்துப் போடச் சொன்னீங்க, போட்டேன். ரெண்டு நாளா அந்தக் கையால சாப்பிட முடியல."

தராசு அந்த வடு இல்லாத தொட்டியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தார்.

"விழவே இல்லம்மா. உன் செடி பன்னெண்டும் நின்னுச்சு. நாத்து நடும்போது ரெண்டு நாத்தைக் கைல வச்சிட்டு நின்ன. விருந்துக்குக் கூப்பிட்டாங்க. திரும்பி வந்து முப்பத்தாறை முப்பத்தேழுலயும் முப்பத்தேழை முப்பத்தாறுலயும் நட்டுட்ட. செடி சொன்னது சரி. நீ தாளை நம்பிட்ட."

அவள் தொட்டியைப் பார்த்தாள். ஏதோ கணக்கை மனதுக்குள் முதலிலிருந்து போடுவது போல உதடு அசைந்தது. பிறகு தொட்டியை மார்போடு அணைத்தபடியே தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அதைவிட மோசமான ஒரு சத்தம் வந்தது.

நரைத்த தலைக்காரர் பேராசிரியரிடம் திரும்பினார். "விருந்து நல்லா இருந்துச்சா?"

பேராசிரியர் கடிதத்தை மடிக்கப் பார்த்தார். மாணவி கை நீட்டி அதை வாங்கினாள். தரையில் உட்கார்ந்தபடியே, கடிதத்தின் பின்பக்கத்தில் நாலைந்து வரி எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தண்ணீர்க்காரரிடம் நீட்டினாள்.

"படிங்கண்ணா. சத்தமா வேணாம்."

அவர் வாங்கினார். தொட்டியில் ஒட்டிய சீட்டுகளைத் தவிர வேறு எதையும் அதிகம் படித்துப் பழகாதவர். விரலை வைத்து, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தார். அங்கே நின்ற அத்தனை படித்தவர்களும் அவர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தார்கள். இரண்டாவது வரியில் விரல் நின்றது. ரொம்ப நேரம் நின்றது.

"இந்த வரி வேணாம் பாப்பா. அடிச்சிரு."

"அந்த வரிய வச்சுத்தாண்ணா நாளைக்கு நீங்க உள்ள வர முடியும்."

"நீ?"

அவள் வெளியூர்க்காரர்களைப் பார்த்தாள். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"செடி பிழைச்சிருச்சு. விதை இருக்கும்," என்றார் நரைத்தவர். "நீ இருப்பியா இல்லையான்னு உள்ள உக்காந்து பேசணும். இப்ப எதுவும் சொல்ல முடியாது." அவர்கள் வெளியே நடந்தார்கள். பேராசிரியர் பின்னால் போனார். கையில் கடிதம் இல்லாததால் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் போனார்.

தண்ணீர்க்காரர் தாளை நாலாக மடித்து மனைவியிடம் கொடுத்தார். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு அவர் ஒரு தொட்டியின் மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். முகம் சுளித்தது.

"அடில இன்னும் இருக்கு," என்றார். குழாயை இழுத்து வந்தார். "எந்திரி பாப்பா. தொட்டியச் சாச்சுப் புடி. உப்பு முழுசும் போற வரைக்கும் விடணும்."

அவள் எழுந்து பிடித்தாள். தண்ணீர் விழுந்தது. தொட்டியின் அடியிலிருந்து கலங்கலாக வடிந்து, அவர்கள் இருவர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது.

ரேடியோ கழற்றிய பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினான். பேசவில்லை. தராசு அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா, ரிப்பேரா?"

"இல்ல மாமா," என்றான் அவன், தண்ணீரைப் பார்த்தபடி. "தெளியுதான்னு பாக்குறேன்."